பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு எந்த வாட்டர் ஹீட்டர்?

கோத்தகிரியில் அப்பா விட்டுச்சென்ற சிறிய ஓட்டு வீடு ஒன்று எங்களுக்கு இருக்கிறது. பொங்கல், மே மாத விடுமுறை, இடையில் ஒன்றிரண்டு சனி ஞாயிறு என்று ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் இருபது நாள் அங்கே தங்கினால் அதிகம். போன பொங்கலுக்கு இரவு எட்டு மணிக்குப் போய்க் கதவைத் திறந்தோம். குளியலறைத் தரையெல்லாம் செம்மண் கரைத்த நிறத்தில் தண்ணீர். ஹீட்டரின் அடிப்பகுதியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் வந்த பிளம்பர் தம்பி ஹீட்டரைக் கழற்றி, உள்ளே இருந்த ஒரு கம்பியை உருவி என் கையில் கொடுத்தார். கட்டைவிரல் பருமனில் இருந்திருக்க வேண்டிய மக்னீசியத் தண்டு அது. நடுவில் ஓடும் மெல்லிய இரும்புக் கம்பியும் அதில் ஒட்டிய சாம்பல் நிறப் பொருக்குகளும்தான் மிச்சம். “அக்கா, இது உபயோகித்துக் கெட்டதில்லை. சும்மா இருந்தே கெட்டிருக்கிறது” என்றார்.

புது ஹீட்டர் தேடியபோது நான் பிடித்துக்கொண்டது அவர் சொன்ன இந்த ஒன்றைத்தான். தினமும் குடியிருக்கும் வீட்டுக்கு ஹீட்டர் வாங்கும் கணக்கு வேறு. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வாங்கும் கணக்கு வேறு. இங்கே பார்க்க வேண்டியது, அது ஓடும் இருபது நாளை விட, ஓடாத முந்நூற்று நாற்பத்தைந்து நாளை எப்படித் தாங்கும் என்பதையே.

படி 1: பழையது எதனால் போனது என்று பாருங்கள்

காரணம் தெரியாமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, எங்களுக்கு நேர்ந்ததைப் போலத் தொட்டி அரித்துப் போவது. எனாமல் பூசிய இரும்புத் தொட்டிக்குள் மக்னீசியத் தண்டு ஒன்றை வைத்திருப்பார்கள். இரும்பு அரிப்பதற்குப் பதிலாக அந்தத் தண்டு தன்னைக் கரைத்துக்கொள்ளும். தண்ணீர் நிறைந்து நிற்கும் வரை, சுவிட்சைப் போட்டாலும் போடாவிட்டாலும், இந்தக் கரைதல் நடந்துகொண்டே இருக்கும். தண்டு தீர்ந்த பிறகு எனாமலில் எங்கே ஊசிமுனைத் துளை இருக்கிறதோ அங்கே இரும்பு அரிக்கத் தொடங்கும்.

மற்றொன்று, தண்ணீரைச் சூடாக்கும் ‘காயில்’ என்ற கம்பிச் சுருள் எரிந்து போவது. மாதக்கணக்கில் பூட்டிய வீட்டுக்குள் நுழைந்ததும் குளிருக்கு ஹீட்டர் சுவிட்சைத் தட்டுகிறோம். மேலே தொட்டியில் தண்ணீர் இல்லை, ஹீட்டருக்குள்ளும் இல்லை. வெறும் காயில் சில நிமிடங்களில் கருகிவிடும். ஹீட்டரின் தொட்டி நன்றாக இருந்து காயில் மட்டும் போயிருந்தால் ஹீட்டரை மாற்ற வேண்டியதில்லை. காயிலையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றினாலே போதும்.

படி 2: எத்தனை வாளி வேண்டும்?

கோத்தகிரியில் ஜனவரி மாதக் குழாய்த் தண்ணீர் கை வலிக்கும் அளவுக்குக் குளிரும். அதை 14 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 15 லிட்டர் ஹீட்டரில் 60 டிகிரி வரை சூடாக்கினால், பச்சைத் தண்ணீர் கலந்து 40 டிகிரியில் சுமார் 26 லிட்டர் கிடைக்கும். ஒன்றரை வாளி. 25 லிட்டர் ஹீட்டரில் இதே கணக்குக்கு 44 லிட்டர், அதாவது இரண்டரை வாளிக்குக் கொஞ்சம் குறைவு. வெந்நீர் வெளியேற வெளியேற உள்ளே பச்சைத் தண்ணீர் நுழைவதால் கையில் கிடைப்பது இதைவிடச் சற்றுக் குறையும்.

இருவர் போய்வரும் வீட்டுக்கு 15 லிட்டர் போதும். நால்வர் என்றால் 25. உறவினர் எல்லோரும் வரும் அந்த ஒரு நாளை நினைத்து 50 லிட்டர் வாங்காதீர்கள். அன்றைக்கு இரண்டு முறை சூடாக்கிக்கொள்ளலாம்.

படி 3: வகையைத் தேர்ந்தெடுங்கள்

கடையில் நிறையக் காட்டுவார்கள். நம் வீட்டுக்குப் பொருந்தாதவற்றை முதலில் தள்ளிவிடுவோம்.

சோலார் வேண்டாம். தினமும் வெந்நீர் எடுக்கும் வீட்டுக்கு அது அருமையான பொருள். பூட்டிய வீட்டின் கூரையில், யாரும் எடுக்காத தண்ணீர் நாள்தோறும் கொதித்துச் சூடேறி உப்புப் படியும். உறைபனி விழும் இடங்களில் வெளிக்குழாய்கள் வெடிக்கவும் கூடும். மின்செலவை மிச்சம் பிடிக்கலாம் என்றால், கணக்கைப் பாருங்கள்: 15 லிட்டரை 14 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 0.8 யூனிட் ஆகும். ஆண்டுக்கு இருபது நாள், நாளுக்கு இரண்டு முறை என்றாலும் 32 யூனிட்தான். இதை மிச்சம் பிடிக்க யாராவது பல ஆயிரங்களைச் செலவிடுவார்களா? சுற்றுக் காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்புக்கும் இதே பதில்தான்.

கேஸ் கீசர் விஷயத்தில் நான் கடுமையாகவே சொல்வேன்: குளியலறைக்குள் மாட்டவே கூடாது. மலை வீடுகளில் குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டு குளிப்பது எல்லோருக்கும் பழக்கம். எரிவாயு எரியும் சிறிய அறையில் காற்று போதாமல் போனால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மயக்கம் வரும்போது கதவைத் திறக்கும் வலு கையில் இருக்காது. வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்ட வசதி இருந்தாலும், மாதக்கணக்கில் ஆளில்லாத வீட்டில் சிலிண்டரையும் எலி கடிக்கும் ரப்பர் குழாயையும் விட்டுவர எனக்கு மனம் ஒப்பவில்லை.

மிஞ்சுவது மின்சார ஹீட்டர்கள். தண்ணீர் ஓட ஓடவே சூடாக்கும் மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் வகையைக் கடைக்காரர்கள் முதலில் எடுத்து வைப்பார்கள். விலை குறைவு, தேங்கும் தண்ணீரும் குறைவு என்பதால் நம் தேவைக்கு ஏற்றதாகத் தோன்றும். ஆனால், அதன் திறமை எல்லாம் சமவெளியில்தான். மூன்று கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர், 28 டிகிரித் தண்ணீர் வரும் சென்னை வீட்டில் 40 டிகிரி வெந்நீரை நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் கொடுக்கும். அதே ஹீட்டர், 14 டிகிரித் தண்ணீருக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல்தான் கொடுக்கும். 18 லிட்டர் வாளி நிறையப் பதினொரு நிமிடம். கைகழுவவும் பாத்திரம் துலக்கவும் நல்லது, குளிக்க உதவாது.

ஆகவே மலைப் பகுதி வீட்டுக்கு என் தேர்வு, தண்ணீரைத் தேக்கி வைத்துச் சூடாக்கும் 15 அல்லது 25 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டர், இரண்டு கிலோவாட். ஏற்காடு, கொடைக்கானலுக்கும் இதையே சொல்வேன். சமவெளிக் கிராமத்து வீடு என்றால் இன்ஸ்டன்ட் போதும்.

அம்மா காலத்தில் இதே வீட்டில் விறகு போடும் செம்புப் பாய்லர் இருந்தது. நடுவில் தணல், சுற்றிலும் தண்ணீர். ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தாலும் புளி போட்டுத் தேய்த்தால் மறுபடி பளபளக்கும். அப்படியொன்று உங்கள் வீட்டில் இருந்தால் பழைய சாமான்காரரிடம் போடாமல் வைத்திருங்கள். மின்சாரம் நின்றுபோகும் மழை இரவுகளில் கைகொடுக்கும்.

படி 4: கரண்ட் தாங்குமா?

230 வோல்ட்டில் இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். அதற்குத் தனி எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்), தனி வயர், 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். பழைய வீட்டில் எர்த் கம்பி சுவருக்குள் எங்கேயாவது அறுந்திருக்கலாம்; எலக்ட்ரீஷியனை அழைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் ஹீட்டர் வாங்கும் பணத்தில் முதலில் அதை வாங்குங்கள்.

வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டரின் சக்தி அதைவிட வேகமாகக் குறையும். மாலையில் 180 வோல்ட் வரும் இடத்தில் இரண்டு கிலோவாட் ஹீட்டர் 1.2 கிலோவாட்தான் கொடுக்கும். 40 நிமிடத்தில் காய வேண்டிய 25 லிட்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஹீட்டரில் பழுதில்லை.

படி 5: கடையில் கேட்க வேண்டியவை

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2082 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். நட்சத்திரக் குறியீட்டுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். சூடான தண்ணீரை அப்படியே வைத்திருந்தால் ஒரு நாளில் எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்பதைத்தான் அந்த நட்சத்திரங்கள் அளக்கின்றன. குளித்ததும் அணைத்துவிடும் வீட்டில் அதனால் பெரிய லாபம் இல்லை.

எட்டு பார் அழுத்தம் தாங்கும் என்பார்கள். அது அடுக்குமாடிக்கும் பிரஷர் பம்புக்கும் உரியது. மூன்று மீட்டர் மேலே இருக்கும் தொட்டி 0.3 பார் அழுத்தம்தான் கொடுக்கும்.

பதிலாக இவற்றைக் கேளுங்கள். மக்னீசியத் தண்டைத் தனியாக வாங்கி மாற்ற முடியுமா? தண்ணீரை முழுவதும் வடிக்க வழி இருக்கிறதா? சர்வீஸ் ஆள் எங்கிருந்து வருவார்? எங்களுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர் மலை ஏறி வர வேண்டும். நாங்கள் தங்கும் மூன்று நாளில் அவர் வந்து சேர்வது அரிது. உதிரிபாகம் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் சாதாரண மாடலையே அதனால் வாங்கினேன். வாரண்டி, நாம் பயன்படுத்திய நாட்களைப் பார்க்காது, வாங்கிய தேதியிலிருந்து ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 6: மாட்டும்போது ஒரு வடிகால் வால்வு

இந்தப் பதிவிலேயே முக்கியமான இடம் இதுதான். பச்சைத் தண்ணீர் நுழையும் குழாயில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் பாதுகாப்பு வால்வு ஒன்றைப் பொருத்துவார்கள். அதனால்தான் குழாயைத் திறந்துவிட்டாலும் ஹீட்டர் காலியாவதில்லை. அந்த வால்வுக்கும் ஹீட்டருக்கும் நடுவே ‘டீ’ எனப்படும் T வடிவக் குழாய் இணைப்பு ஒன்றைப் போட்டு, அதன் கிளையில் அரை அங்குலச் சிறிய வால்வு ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். கிளையில் மட்டும்தான். நேர்க்குழாயில், பாதுகாப்பு வால்வுக்கும் ஹீட்டருக்கும் குறுக்கே, எந்த அடைப்பும் வரக் கூடாது. அழுத்தம் ஏறினால் வெளியேற அதுதான் வழி.

மண் சுவராக இருந்தால் ஆணி பிடிப்பையும் பாருங்கள். 25 லிட்டர் ஹீட்டர் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 25 கிலோ.

படி 7: கிளம்பும்போதும் திரும்பி வரும்போதும்

கிளம்பும் அன்று: சுவிட்சையும் எம்.சி.பி.யையும் அணையுங்கள். தண்ணீர் ஆறட்டும். ஹீட்டருக்கு வரும் கேட் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். அந்த வழியாகக் காற்று நுழைந்தால்தான் தண்ணீர் இறங்கும். பிறகு வடிகால் வால்வைத் திறந்து, கீழே வாளி வையுங்கள். எங்கள் வீட்டில் கடைசிச் சொட்டு விழப் பத்து நிமிடம் ஆகிறது.

மக்னீசியத் தண்டு சும்மா இருந்தே கரைவதும், மாதக்கணக்கில் தேங்கும் தண்ணீர் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பதும், வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் பெருகுவதும் இதனால் தவிர்க்கப்படும். வாரம் ஒருமுறை போகிற வீடு என்றால் வடிக்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேல் பூட்டுவதானால் வடித்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும்: வடிகால் வால்வை மூடி, மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து, கேட் வால்வைத் திறவுங்கள். வெந்நீர்க் குழாய் முதலில் காற்றை உமிழும், துப்பித் துப்பித் தண்ணீர் வரும், பிறகு சீராகக் கொட்டும். ஒரு வாளி பிடித்துக் கீழே ஊற்றிவிட்டு, அதன் பிறகு சுவிட்சைப் போடுங்கள். முதல்முறை 60 டிகிரிக்கு மேல் முழுவதுமாகக் காயவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, ஷவர் வழியாகக் கொஞ்சம் ஓடவிட்டுக் குளியுங்கள்.

எங்கள் வீட்டில் ஹீட்டர் சுவிட்சின் மேலேயே ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: “வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வருகிறதா? பார்த்துவிட்டுப் போடவும்.” சுவிட்சை முழுவதும் மறைக்கும்படி ஒட்டினேன். அதைத் தூக்கினால்தான் விரல் சுவிட்சைத் தொடும்.