நேபாளத்துக்குத் தன்னார்வலராகச் செல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேபாளத்துக்குத் தன்னார்வப் பணிக்காகச் செல்லும் இளைஞர்களுக்குச் சில ஆண்டுகளாக முன்பயிற்சி அளித்து வருகிறேன். ஒவ்வொரு குழுவிலும் இருவரேனும், நான் 2016இல் செய்த அதே பிழைகளை அதே உற்சாகத்தோடு செய்யக் கிளம்புகிறார்கள். தடுப்பூசி, காப்பீடு, குளிருடை ஆகியவற்றை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மூட்டை கட்டிச் செல்வது

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு, காத்மாண்டு விமான நிலையத்தின் ஒரே ஓடுபாதை பழுதடையத் தொடங்கியதால் பெரிய விமானங்கள் இறங்கத் தடை விதிக்கப்பட்டது. அத்தகைய நேரத்தில் பழைய துணி மூட்டை ஒன்று இறங்கினால், மருந்துப் பெட்டியோ கூடாரமோ ஒன்று காத்திருக்க நேரும். கம்பளியும் அரிசியும் காத்மாண்டின் அசன் கடைவீதியிலேயே கிடைக்கின்றன. அங்கே வாங்கினால் அந்த ஊர்க் கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும்.

தெரியாத வேலையில் இறங்குவது

உள்ளூரில் உங்களை நம்பி எவரும் ஒப்படைக்காத வேலையை அங்கேயும் செய்யாதீர்கள்.

அநாதை விடுதியில் சில வாரங்கள்

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. அதில் பாதி என் மீதே.

காத்மாண்டில் ஒரு விடுதிக்கு வாரக் கட்டணம் செலுத்தி ஒரு மாதம் தங்கினேன். என்னைப் பற்றிக் காவல்துறைச் சான்று எதையும் கேட்காத நிர்வாகி, பணம் அனுப்பியாகிவிட்டதா என்று மட்டும் இருமுறை கேட்டார். போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் என் மடியில் ஏறி அமர்ந்து, ‘தாய்’ என்றான். நேபாளியில் அச்சொல்லுக்கு அண்ணன் என்று பொருளாம். ஆனால் தமிழ்க் காதில் அது விழுந்த விதத்தில் நான் கரைந்துபோனேன். அந்தப் பருவத்தில் அவன் அப்படி அழைத்த நான்காவது ஆள் நான் என்பதும், முன்பின் அறியாதவரிடம் உடனே ஒட்டிக்கொள்வது அடிக்கடி கைவிடப்பட்ட குழந்தைகளிடம் காணப்படும் அறிகுறி என்பதும் பின்னர்தான் தெரிந்தன.

அவனுடைய கோப்பில் பெற்றோர் இருவரும் இறந்துவிட்டதாக எழுதியிருந்தது. மூன்றாம் வாரம், சமையலறையில் சமையற்காரரின் கைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு அவன் ‘ஆமா, ஆமா’ என்று சொல்லிக்கொண்டிருந்தான். யாருக்கு இத்தனை ஆமாம் போடுகிறான் என்று சிரித்தபடி கேட்டேன். சமையற்காரர் சிரிக்கவில்லை. நேபாளியில் ‘ஆமா’ என்றால் அம்மா.

ஹும்லா போன்ற தொலைமலை மாவட்டங்களில், 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, பிள்ளைகளைப் போராளிகள் பிடித்துச் செல்வார்களோ என்று அஞ்சிய பெற்றோரிடம் நகரப் படிப்பை வாக்களித்துப் பணமும் பெற்றுக்கொண்டு, குழந்தைகளை அழைத்துச் சென்ற தரகர்கள் இருந்தார்கள். போர் முடிந்தும் தொழில் முடியவில்லை; பெற்றோர் இறந்ததாகப் பொய்ச்சான்று தயாரித்தால் உயிருள்ள குடும்பத்துப் பிள்ளையும் அநாதையாகிவிடும். நேபாளத்துப் பதிவுபெற்ற விடுதிகளில் சுமார் 90 விழுக்காடு, அன்றைய 75 மாவட்டங்களுள் ஐந்தே மாவட்டங்களில் இருந்தன. காத்மாண்டு, பொக்காரா, சித்வன் என்று வெளிநாட்டார் வந்திறங்கும் இடங்களே அவற்றில் அடங்கும். நான் செலுத்திய வாரக் கட்டணம்தான் அந்தச் சிறுவனை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருப்பதற்கான காரணம். விடுதித் தன்னார்வப் பணி குழந்தைக் கடத்தலுக்கு இட்டுச்செல்லக்கூடும் என்று 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே தீர்மானத்தில் குறிப்பிட்டது.

இத்தனையும் சொன்ன பிறகும், ‘நாங்கள் போகும் விடுதி அப்படிப்பட்டதல்ல’ என்று யாரேனும் ஒருவர் கை தூக்குகிறார். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

படம் எடுப்பது

குழந்தைகளை எடுக்காதீர்கள்.

கேட்காததை அனுமதி என்று கொள்வது

இந்தியருக்கு நேபாளம் செல்ல விசா தேவையில்லை. அதனாலேயே நம்மை எல்லையில் எவரும் துருவுவதில்லை. எனவே கேள்விகளை நாம்தான் கேட்க வேண்டும். குழந்தைகளோடு பழகும் பணி என்றால், எத்தனை பேருக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், அவர்கள் கடைசியாக எப்போது வந்து பார்த்தார்கள், சென்ற ஆண்டில் எத்தனை பிள்ளைகள் குடும்பத்தோடு சேர்க்கப்பட்டார்கள், என் பின்னணியை யார் சரிபார்ப்பார்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலுக்குப் பதில் வங்கிக் கணக்கு எண் வந்தால், பயணச்சீட்டை ரத்து செய்துவிடுங்கள். ரத்துக் கட்டணம் போனால் போகட்டும்.