பிக் கன்னா, கைப்பிக்கா? பூட்டுத் திறக்கப் பழகுபவர்கள் முதலில் வாங்க வேண்டியது

பூட்டைச் சாவியில்லாமல் திறந்து பழக ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: விசையை அழுத்தினால் பூட்டுக்குள் அடிக்கும் பிக் கன் வாங்கலாமா, பூட்டுக்குள் விட்டுத் துழாவும் மெல்லிய உலோகக் கம்பியான, கையால் பிடிக்கும் சாதாரண பிக் வாங்கலாமா? கைப்பிக் வாங்குங்கள். பிக் கன்னுக்கு ஒதுக்கிய வெள்ளியில் (ரிங்கிட்டில்) நாலைந்து வெவ்வேறு பூட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பது அரிது. பூட்டைத் தடவித் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிக் கன் அதற்கு இடம் தராது.

தொடங்கும் முன் இரண்டு விதிகள். உங்களுக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடக்கூடாது. சொந்தப் பூட்டாகவே இருந்தாலும், கேட்டிலோ கிரில்லிலோ மாட்டிப் பயன்பாட்டில் இருப்பதைத் தொடக்கூடாது. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் உலகம் முழுவதும் கடைப்பிடிக்கும் விதிகள் இவை. இரண்டாவது விதியை நிறைய பேர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். பிக்கின் நுனி உள்ளே முறிந்துவிட்டால் சாவியும் நுழையாது, ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். இன்னொன்று, கருவிகளை மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு சுற்றாதீர்கள். சாலைத் தடுப்பில் போலீஸ் கேட்டால் விளக்கம் சொல்லி மாளாது. வீட்டிலேயே இருக்கட்டும்.

சரி, 'பின்' (pin) என்ற சின்ன உலோகக் குச்சிகளால் இயங்கும் பூட்டின் உட்புறம். படம் பார்த்திருப்பீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். சாவி நுழையும் உருளையில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு பின்கள்: சாவி தொடுவது கீழ்ப்பின், அதன்மேல் ஸ்ப்ரிங் அழுத்தி வைத்திருப்பது மேல்பின். இரண்டும் பிரியும் இடம் உருளையின் விளிம்புக்கு நேராக வந்தால் உருளை சுழலும். சரியான சாவி எல்லாப் பின்களையும் ஒரே நேரத்தில் அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. லைனஸ் யேல் ஜூனியர் 1860-களில் காப்புரிமை பெற்ற இந்த அமைப்புதான் இன்றும் நம் வீட்டுக் கிரில்லில் தொங்குகிறது.

பிக் கன்னின் விசையை அழுத்தினால் அதன் ஊசி எல்லாக் கீழ்ப்பின்களையும் ஒரே அடியாக அடிக்கும். கேரமில் ஒட்டியிருக்கும் இரண்டு காய்களில் முன்காயை அடித்தால் பின்காய் பறக்கும், முன்காய் ஏறக்குறைய அங்கேயே நிற்கும் அல்லவா? அதேதான் இங்கேயும். மேல்பின்கள் ஒரு கணம் துள்ளி மேலே போக, விளிம்பில் இடைவெளி உண்டாகும். அந்தக் கணத்தில் டென்ஷன் ரெஞ்ச் (சாவித் துளையில் செருகி உருளையைத் திருப்பும் வளைந்த தகடு) உருளையை லேசாகத் தள்ளிக்கொண்டிருந்தால் பூட்டுத் திறக்கும். மின்சாரத்தில் ஓடும் பிக் கன் இதையே விடாமல் அதிரவைத்துச் செய்கிறது.

இதில் உங்களுக்குத் தெரியவருவது திறந்ததா இல்லையா என்பது மட்டும்தான். எந்தப் பின் இறுகியது, எது உயரம், எது குட்டை என்று கைக்கு ஒன்றும் எட்டாது. திறக்காவிட்டால் மறுபடி அடிக்கலாம், அவ்வளவே. சின்ன பித்தளைப் பூட்டுகளின் குறுகலான சாவித் துளையில் பல பிக் கன்களின் ஊசி நுழையவே திணறும். பூட்டைக் கையில் பிடித்து அடிக்கும்போது பூட்டே ஆடும். ஓயாமல் அடித்தால் பின்னும் ஸ்ப்ரிங்கும் தேயும்.

ஆனால் பிக் கன் வீணான கருவி என்று நான் சொல்லவில்லை. பசார் பக்கத்தில் சாவி வெட்டும் கடை வைத்திருக்கும் அண்ணன் அதைத்தான் முதலில் எடுப்பார். "தம்பி, வாசல்ல புள்ளையோட மழையில நிக்கிறாங்க, நான் சட்டுனு திறக்கணும். உனக்கு என்ன அவசரம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே விடை இருக்கிறது. அது அவருடைய தொழிலுக்கு. அவரும் கைப்பிக்கில் நன்றாகப் பழகிய பிறகுதான் அதை வாங்கினார்.

இனி வாங்க வேண்டியவை. குட்டை ஹூக் (நுனி வளைந்த பிக், ஒவ்வொரு பின்னாகத் தூக்க) ஒன்று, ரேக் (அலை அலையான நுனியுள்ள பிக், பல பின்களைச் சேர்த்து வருட) ஒன்று, டென்ஷன் ரெஞ்ச் இரண்டு. முப்பது துண்டுகள் அடங்கிய பெட்டி வேண்டாம், அதில் பாதியை நீங்கள் தொடவே மாட்டீர்கள். பிக்கின் தடிமன் 0.6 மில்லிமீட்டர் இருந்தால் முதல் பூட்டுகளுக்குப் போதும். சாவித் துளை குறுகலாக இருந்தால் 0.4 வேண்டும், ஆனால் அது சீக்கிரம் வளையும். துருப்பிடிக்காத எஃகுதான் என் தேர்வு. நம் ஊர் ஈரக்காற்றுக்குக் கார்பன் எஃகு தாங்காது, கை வியர்வை பட்டு அப்படியே வைத்தால் சிவந்துவிடும்.

பூட்டு, புதியதாக இருக்கட்டும். மாஸ்டர் லாக் நம்பர் 3 கிடைத்தால் நல்லது, அதில் நான்கு பின்கள்தான். இல்லாவிட்டால் ஹார்ட்வேர் கடையில் தொங்கும் மலிவான பித்தளைப் பூட்டு போதும். செம்பனை லாரி ஓடும் பாதையோரம் வருடக்கணக்கில் தொங்கிய பழைய பூட்டில் பழகாதீர்கள். செம்மண் தூசி உள்ளே போய் எல்லாப் பின்களும் ஒரே மாதிரி மந்தமாக இருக்கும். அதில் கிரீஸும் விட வேண்டாம், தூசியோடு சேர்ந்து சேறாகிவிடும்.

இப்போது முக்கியமான இடம், டென்ஷன் ரெஞ்ச். நிறைய பேர் இங்கேதான் மாட்டிக்கொண்டு, பிக் சரியில்லை என்று இன்னொரு பெட்டி வாங்குகிறார்கள்.

முதலில் சாவியால் திறந்து உருளை எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பாருங்கள். பூட்டிவிட்டு, பின்கள் மேலே இருக்கும்படி பிடியுங்கள். ரெஞ்சைச் சாவித் துளையின் கீழ்முனையில் வைக்கலாம். இடம் போதாமல் பிக்கோடு இடித்தால், தட்டையான ரெஞ்சை மேல்முனையில், முதல் பின்னைத் தொடாதபடி வாயிலேயே வையுங்கள். நான் பெரும்பாலும் மேல்முனையைத்தான் விரும்புகிறேன், ஹூக் உலாவ இடம் கிடைக்கிறது.

இப்போது ரெஞ்சைத் தொடாமலே ஹூக்கால் ஒவ்வொரு பின்னையும் அழுத்திப் பாருங்கள். எல்லாம் ஸ்ப்ரிங்கோடு துள்ளும். அப்புறம் ஆள்காட்டி விரலை ரெஞ்சின் நுனியில் சும்மா சாய்த்து வைத்து மறுபடி பாருங்கள். இன்னும் எல்லாமே துள்ளினால், ஒரு பின் மட்டும் துள்ளாமல் இறுகும் வரை விரலின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அந்த அளவுதான் வேண்டும். எல்லாப் பின்களும் கல் மாதிரி நின்றால் பாரம் அதிகம். விரல் நகம் வெளுத்தாலும் அதிகம்.

ஏன் ஒன்று மட்டும் இறுகுகிறது? துளைகளை எந்த இயந்திரமும் மிகத் துல்லியமாக ஒரே கோட்டில் போட முடியாது. உருளையைத் திருப்பும்போது ஏதோ ஒரு துளை முதலில் முட்டும். அந்தப் பின்னை மெதுவாகத் தூக்குங்கள். சின்ன 'டிக்', கூடவே உருளையில் ஒரு முடி அளவு அசைவு. அடுத்து எந்தப் பின் இறுகுகிறது என்று தேடுங்கள். அது வரிசைப்படி இருக்காது. மூன்று, ஒன்று, நான்கு, இரண்டு என்றுகூட வரும். குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பூட்டில் ஒரே பக்கம் திருப்பினால் பெரும்பாலும் அதே வரிசைதான்.

ஒரு பின்னை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் எதுவும் நகராது. ரெஞ்சை ஒரேயடியாக விடாமல் விரலைத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். பின்கள் ஒவ்வொன்றாக விழுவது காதில் கேட்கும். ஒன்று விழுந்ததும் நிறுத்தி, மறுபடி தொடருங்கள்.

உருளை கொஞ்சம் நன்றாகவே திரும்பி, ஆனால் திறக்காமல் நின்றால் உள்ளே ஸ்பூல் பின் இருக்கிறது: நடுவில் இடுப்பு ஒடுங்கிய மேல்பின். மாஸ்டர் லாக் 140-இல் அது உண்டு. சரியான பின்னை அழுத்தும்போது ரெஞ்ச் உங்கள் விரலை எதிர்த்து பின்னோக்கி வரும். வரவிடுங்கள். விரல் விட்டுக்கொடுக்கும் அளவுதான் இங்கே பயிற்சி. பிக் கன்னோடு மட்டும் பழகியவர்களுக்கு இந்த எதிர்ப்பு என்னவென்றே தெரியாமல் போகும்.

வீட்டில் "இது திருடன் வேலை" என்பார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1851 லண்டன் கண்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் சப் என்ற பூட்டு நிறுவனத்தின் பூட்டைச் சுமார் 25 நிமிடத்தில் திறந்தார். பிராமா என்ற இன்னொரு பூட்டு நிறுவனம் 200 கினி (பழைய ஆங்கிலேய நாணயம்) பரிசு அறிவித்து 1790 முதல் கடைச் சன்னலில் வைத்திருந்த பூட்டையும், 16 நாட்களில் 51 மணிநேரம் உழைத்துத் திறந்தார். பூட்டுகளை மேம்படுத்த வேண்டும் என்ற அக்கறை அதற்குப் பிறகு பெருகியது. நம் கிரில்லில் எந்தப் பூட்டு மாட்டலாம் என்று தீர்மானிக்க எனக்கு இந்தப் பழக்கம்தான் உதவுகிறது.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுத் தொடங்கிய இரண்டு பேர், கழற்றி எடுத்த கதவுப்பூட்டின் உருளையைத் திறந்த பிறகு அது பாதிச் சுற்றில் சிக்கிக்கொண்டது என்றார்கள். சில உருளைகளில் சாவித் துளையின் அடிப்பக்கம் விளிம்புவரை திறந்திருக்கும். அரைவட்டம் சுழன்றதும் மேல்பின்கள் அந்தப் பக்கமாகத் துளைக்குள் இறங்கிவிடும். இழுத்து உடைக்காதீர்கள். ஹூக்கின் முதுகையோ தட்டையான ரெஞ்சையோ உள்ளே விட்டு, இறங்கிய பின்களை ஒருசேர மேலே தள்ளிப் பிடித்தபடி உருளையை மெல்லத் திருப்பினால் தாண்டி வந்துவிடும். அடுத்த முறை அரைவட்டம் வரும் முன்பே நிறுத்தி, ரெஞ்சால் வந்த வழியே திருப்பிவிடுங்கள்.