நிறைகுடமும் தளும்பும்: செருக்குமிக்க சித்திரக்கதை ஓவியரைக் கதாபாத்திரமாக்குவது எப்படி?

நிறைகுடம் தளும்பாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனாலோ என்னவோ, பெருந்திறமையும் பெருந்தலைக்கனமும் ஒரே ஆளிடம் குடியிருப்பதாக எழுத உட்கார்ந்தால் கை தயங்குகிறது. திறமை உண்மையில் வேறொருவருடையது என்று முடிவில் போட்டுடைத்துவிடுகிறோம். அல்லது தலைக்கனத்துக்கு அடியில் வெண்ணெய் மனசு ஒன்றை ஒளித்துவைத்துக் கடைசி அத்தியாயத்தில் உருக வைக்கிறோம். இரண்டுமே தப்பித்துக்கொள்ளும் வழிகள். உண்மையாகவே நிறைந்தும் உண்மையாகவே தளும்பியும் இருக்கும் ஒரு சித்திரக்கதை ஓவியரை, அந்த இரண்டு வழிகளிலும் இறங்காமல் எழுதுவது எப்படி என்பதே இங்கே நான் சொல்ல வந்தது.

முதலில், அவருக்கு இருப்பது எந்த வகைக் கர்வம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தற்பெருமை, வித்யாகர்வம், தன்னலம் ஆகிய மூன்றையும் பேச்சில் திமிர் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். கதையில் அவை மூன்று விதமாக நடந்துகொள்ளும். தற்பெருமைக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். கேட்க ஆளில்லாத அறையில் அது வாடிவிடும். வித்யாகர்வத்துக்கு யாரும் வேண்டாம். நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து, எந்த வாசகரும் கவனிக்கப்போகாத ஒரு கோட்டை அழித்து ஏழாவது முறையாக இழுக்க வைப்பது அதுதான். தன்னலம் இன்னும் வேறு: அடுத்தவருடைய நேரமும் தூக்கமும் துக்கமும் அவருடைய கணக்கில் ஏறுவதே இல்லை. நமக்கு வேண்டிய ஓவியர் இரண்டாவதும் மூன்றாவதும் கலந்தவர். முதலாவது தூக்கலாகிவிட்டால் அவர் நகைச்சுவைப் பாத்திரமாகிவிடுவார், பிறகு எந்தக் காட்சியிலும் அவரைக் கண்டு யாருக்கும் அச்சம் வராது.

அடுத்தது திறமை. இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறோம். இப்படியொரு பாத்திரத்தை நான் முதன்முதலாக எழுதியபோது, “என்னைப் போல் வரைய இன்னொருவன் பிறக்க வேண்டும்” என்று ஒரே பக்கத்தில் நான்கு முறை அவரைச் சொல்ல வைத்திருந்தேன். படித்துப் பார்த்த நண்பர், “இவர் இழுத்த ஒரு கோட்டைக்கூட நான் பார்க்கவில்லையே” என்றார். எழுத்தில் படம் தெரியாது. “அவர் மகத்தான ஓவியர்” என்ற வாக்கியத்தை யாரும் நம்பவும் மாட்டார்கள். ஆனால் அவர் எடுக்கும் முடிவுகளை எழுத்தில் காட்ட முடியும். அதற்கு இந்தத் தொழிலின் உள்விவரம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

சித்திரக்கதையின் ஒரு பக்கத்தை வாசகரின் கண் முதலில் முழுதாகத்தான் பார்க்கிறது, பிறகுதான் ஒவ்வொரு கட்டமாக இறங்குகிறது. எனவே அதிர்ச்சி தரவேண்டிய படத்தைப் பக்கத்தின் நடுவில் வைத்தால், அதற்கு முந்தைய கட்டங்களைப் படிக்கும் முன்பே கண் அங்கே போய்விடும்; விஷயமறிந்தவர் அதைத் தாளைத் திருப்பியபின் வரும் பக்கத்துக்குத் தள்ளிவைப்பார். இடமிருந்து வலமாகப் படிக்கும் நூலில் அது இடப்பக்கத்தில் அமையும், வலமிருந்து இடமாகச் செல்லும் ஜப்பானியச் சித்திரக்கதையான மாங்காவில் வலப்பக்கத்தில் அமையும். பேச்சுக் குமிழிகளுக்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் ஆட்களை நிறுத்த வேண்டும். கற்றுக்குட்டிகள் முழுப்படத்தையும் வரைந்துவிட்டு, குமிழியை யாராவது ஒருவருடைய நெற்றியில் கொண்டுபோய் ஒட்டுவார்கள். மூலப்படம் அச்சாவதைவிடப் பெரிதாகவே வரையப்படும். அமெரிக்க காமிக்ஸில் 11க்கு 17 அங்குலத் தாளில் 10க்கு 15 அங்குல அளவுக்கு வரைந்து, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்குவது வழக்கம். அப்படிச் சுருங்கும்போது, நெருக்கமாக இழுத்த மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கருந்திட்டாகிவிடும். மைக்கூட்டில் தொட்டு எழுதும் நிப்பைப் பழக்கப்பட்ட கை அழுத்தும்போது கோடு தடிக்கும், தளர்த்தும்போது இழைபோல் மெலியும். நிப் தேய்ந்துவிட்டதென்று அந்தக் கைக்குக் கோட்டைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிடும். இந்த விவரங்களைப் பாடம் நடத்துவதுபோல் கதையில் கொட்டிவிடாதீர்கள். ஒவ்வொன்றும் அவர் இன்னொருவரைக் கண்டிக்கும் தருணத்திலோ, தன்னையே திருத்திக்கொள்ளும் தருணத்திலோ வரட்டும்.

இதோ ஒரு காட்சி. நேரம் அதிகாலை 3 மணி. காலைக்குள் 18 பக்கங்கள் அனுப்பியாக வேண்டும். பின்னணி வரைந்து முடித்த 11ஆம் பக்கத்தை உதவியாளர் நீட்டுகிறார். ஓவியர் அதை வாங்கி, கையை எட்ட நீட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்.

“விளக்கு எங்கே இருக்கிறது?”

“இடப்பக்க மேசையில், சார்.”

“நாற்காலியின் நிழல்?”

உதவியாளர் பார்க்கிறார். நிழலும் இடப்பக்கமே விழுந்திருக்கிறது. “சின்னக் கட்டம், சார். அச்சில் இன்னும் சுருங்கிவிடும்.”

“சுருங்கினால் பொய் மெய்யாகிவிடுமா?”

அவர் புதிய தாளை எடுத்து, அந்தப் பக்கம் முழுவதையும் முதலிலிருந்து வரையத் தொடங்குகிறார். ஒன்றரை மணி நேரம் ஆகிறது. வரைந்து முடித்த பக்கத்தில் நாற்காலியே இல்லை. வெறும் தரை, விளக்கு, சுவரோரமாக நிற்கும் அந்தப் பெண். நாற்காலி போனதும் அவளுக்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது, அவள் முன்பைவிடத் தனியாகத் தெரிகிறாள். உதவியாளருக்கு அது புரிகிறது. இரண்டு இரவாகத் தூங்காத கண்களோடு அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். ஓவியர் மை காயத் தாளை ஊதிவிட்டு, நிமிராமல், “12ஆம் பக்கம்?” என்று கையை நீட்டுகிறார்.

இந்தக் காட்சியில் அவர் தன்னைப் புகழ்ந்து ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. நிழலைப் பற்றி அவர் சொன்னது சரி. நாற்காலியை நீக்கியது அதைவிடச் சரி. எதிரே நிற்பவர் தூக்கமில்லாத ஓர் இளைஞர் என்பதை மட்டும் அவர் பார்க்கவே இல்லை. கதையின் தொடக்கத்தில் வரும் மூன்று நான்கு மோதல்களிலாவது வேலையைப் பற்றி அவர் சொல்வது சரியாகவும், மனிதரை அவர் நடத்தும் விதம் தவறாகவும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வேலையிலும் தவறிவிட்டால் வாசகர் அவரைத் தூக்கி எறிவது சுலபம். அவர் சரியாகச் சொல்லச் சொல்லத்தான் அவரை வெறுப்பது கடினமாகும், நேசிப்பதும் கடினமாகும். அந்தக் கடினம்தான் நமக்கு வேண்டியது.

இனி தன்னலம். ஒரு மேலாளரோ அரசியல்வாதியோ தன்னலமாக இருப்பதற்கும் சித்திரக்கதை ஓவியர் அப்படி இருப்பதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. மற்றவர்களிடமிருந்து இவருக்கு வேண்டியது பணமோ பதவியோ அல்ல, அவர்களுடைய முகம். நண்பர் தன் தாயின் மரணச் செய்தியைக் கேட்கும் நேரத்தில் ஓவியர் அருகில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் நண்பரின் தோளைப் பிடிப்போம். இவர் கண் அவருடைய தொலைபேசி பிடித்த கைக்குப் போகிறது: விரல்கள் தளரவில்லை, மாறாக இறுகுகின்றன, கட்டைவிரல் நகம் வெளுக்கிறது, வாய் மட்டும் ஏதோ விலை விசாரிப்பதுபோல் அமைதியாக “சரி, சரி” என்கிறது. அழுகை வரும்போது வாய் கோணும் என்றே இதுவரை வரைந்துவந்தோமே, அது தவறு என்று அவருக்கு அந்த நொடியில் தெரிகிறது. அவர் உள்ளுக்குள் மகிழ்கிறார். இரண்டு மாதம் கழித்து அந்தக் கை ஒரு கட்டத்தில் அச்சாகிறது. எங்கோ இருக்கும் வாசகர் அதைப் பார்த்து அழுகிறார். நண்பரும் அதைப் பார்க்கிறார். அவரைப் பெரிய ஓவியராக்கும் கண்ணும் தாங்க முடியாத மனிதராக்கும் கண்ணும் ஒன்றே என்பது வாசகருக்கு உறைத்துவிட்டால், பாத்திரம் உயிர்பெற்றுவிட்டது. திறமையை ஒரு பையிலும் திமிரை இன்னொரு பையிலும் போட்டுத் தூக்கிக்கொண்டு அலையும் பாத்திரங்கள்தான் பொம்மைகளாக நிற்கின்றன.

உண்மை வரலாற்றைப் புரட்டினால் இந்தக் குணத்தின் பல சாயல்கள் கிடைக்கும். ஒசாமு தேசுகா ஜப்பானிய மாங்காவின் பெருந்தலை. 1967இல் தொடங்கிய தன்னுடைய பத்திரிகையிலேயே, தன்னைவிடப் பத்து வயது இளையவரான ஷோதாரோ இஷினோமோரி வரைந்துவந்த சோதனை முயற்சியொன்றை, வாசகர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் கடுமையாகக் குறை சொன்னார். செய்தி எட்டியதும் மனமுடைந்த இளையவர் தொடரை நிறுத்திக்கொள்வதாகச் சொல்ல, தேசுகா நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். உச்சியில் இருப்பவருக்கும் பொறாமை வரும். பொறாமை என்பது அடுத்தவரின் திறமையைச் சரியாக எடைபோடத் தெரிந்த கண்ணின் வேலை. டின்டின் என்ற புகழ்பெற்ற சித்திரக்கதை நாயகனை உருவாக்கிய எர்ஜேயுடன் 1944 முதல் இணைந்து பணியாற்றிய எட்கர் ஜேக்கப்ஸ், தன் பெயரும் அட்டையில் வர வேண்டும் என்று கேட்டபோது எர்ஜே மறுத்துவிட்டார். அமெரிக்காவில் ஹாம் ஃபிஷரிடம் உதவியாளராக இருந்த ஆல் கேப், 1934இல் சொந்தத் தொடர் தொடங்கிப் புகழ்பெற்றார். தன் தொடரில் வந்த மலைநாட்டுப் பாத்திரங்களைத் திருடிவிட்டார் என்று ஃபிஷர் அவர்மீது குற்றஞ்சாட்ட, இருவருக்கும் மூண்ட பகை ஆண்டுக்கணக்கில் நீடித்து, 1955இல் ஃபிஷர் ஓவியர் சங்கத்திலிருந்து விலக்கிவைக்கப்படும்வரை போனது. இவற்றிலிருந்து ஆட்களை அப்படியே பெயர் மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டாம். சண்டை எதைச் சுற்றி வந்தது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: பெரும்பாலும் அது பெயர் யாருக்கு, படைப்பு யாருக்கு என்பதைச் சுற்றியே வந்திருக்கிறது. கூட்டு உழைப்பில் உருவாகித் தனியொருவர் கையெழுத்தோடு வெளிவருவதில் சித்திரக்கதைக்கு ஈடான கலைகள் குறைவு. பென்சில், மை, வண்ணம், எழுத்து என்று பல கைகள் பட்ட பக்கத்தைத் தன்னுடையது மட்டும் என்று ஒருவர் நம்புவதில் உங்கள் கதையின் முக்கால்வாசி இருக்கிறது.

அவருடைய பேச்சுக்குத் தமிழ் நமக்குப் பெரிய வசதியைத் தருகிறது: நீ, நீங்கள். யாரை எப்படி விளிக்கிறார் என்பதை வயதோ பதவியோ முடிவு செய்யாமல், அவர்கள் இழுக்கும் கோடு முடிவு செய்வதாக வைத்துப் பாருங்கள். பதிப்பாசிரியருக்கு “நீ”, பரிசு கொடுக்க வந்தவருக்கு “நீ”, ஆனால் குமிழிகளில் எழுத்துப் பொறிக்கும் முதியவருக்கு மட்டும் “நீங்கள்”. விளக்கமே தேவையில்லை, வாசகருக்குப் புரிந்துவிடும். வாக்கியங்கள் குறுகியவையாக இருக்கட்டும், பெரும்பாலும் கேள்விகளாக இருக்கட்டும், பாராட்டுக்கு அவர் பதில் சொல்லாமல் இருக்கட்டும். இந்த ஓவியர் பெண்ணாக இருந்தால் அதே கேள்விகளுக்கு மற்ற பாத்திரங்கள் இன்னும் கடுமையான பெயர் வைப்பார்கள். அதையும் கதை கவனிக்கலாம்.

மற்றவர்கள் ஏன் இவரைச் சகித்துக்கொள்கிறார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் கொடுத்துவிடுங்கள். பதிப்பாசிரியருக்கு விற்பனை, உதவியாளருக்குக் கற்றுக்கொள்ளும் ஆசை, மனைவிக்கோ கணவருக்கோ வாசகருக்குத் தெரியாத ஏதோ ஒன்று. இது போதும்.

சிறுவயதுக் காயம் ஒன்றைத் தோண்டி எடுத்து அவருடைய செருக்குக்குக் காரணம் காட்டும் பழக்கத்தை நான் கைவிட்டுவிட்டேன். அதற்குப் பதில், அவருக்கு வரைய வராத ஒன்றைக் கண்டுபிடியுங்கள். ஓவியர் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒன்று இருக்கும்: குதிரையின் பின்னங்கால், ஓடும் மிதிவண்டி, கைக்குழந்தையின் முகம். நம்மவருக்குக் குழந்தை வராது என்று வையுங்கள். இருபது ஆண்டுகளாக அவருடைய கதைகளில் குழந்தைகள் போர்வைக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கின்றன, அல்லது தாயின் தோளில் முகம் புதைத்திருக்கின்றன. விமரிசகர்கள் அதை நுட்பமான குறியீடு என்று எழுதுகிறார்கள், அவரும் மறுப்பதில்லை. ஒருநாள் உதவியாளர் பழைய பக்கங்களை அடுக்கும்போது அதைக் கவனித்துவிடுகிறார். அவர் அதைச் சொல்வாரா, சொன்னால் என்ன ஆகும் என்பதை எழுதிப் பாருங்கள். எந்தச் சிறுவயதுக் காயமும் காட்டித் தராத அளவுக்கு அந்த மனிதர் அங்கே வெளிப்படுவார்.

வரைவு முடிந்ததும், திமிர், ஆணவம், மேதை, அபாரம் போன்ற சொற்களை எல்லாம் தேடி அடித்துவிட்டு மறுபடி படியுங்கள். அவை போனபின்னும் அவர் அதே ஆளாக நின்றால் சரி. கரைந்துபோனால், விட்டுப்போன காட்சி எது என்று தேட வேண்டும்.

முடிவில் அவருடைய கையை விபத்தில் முறிக்க வேண்டாம். மழையில் நின்று மன்னிப்புக் கேட்க வைக்கவும் வேண்டாம். மாற்றம் தேவையென்றால் அது அவருடைய தொழிலின் அளவுக்குள் நடக்கட்டும். மீண்டும் ஓர் அதிகாலை. உதவியாளர் ஒரு பக்கத்தை நீட்டுகிறார். ஓவியர் வாங்கி, கையை எட்ட நீட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் கூடுதலாகப் பார்க்கிறார். பிறகு அதை, திருத்த வேண்டியவற்றின் மேல் வைக்காமல், முடிந்த பக்கங்களின் மேல் வைத்துவிட்டுத் தன் நிப்பைத் துடைக்கிறார். ஏதாவது சொல்வாரென்று உதவியாளர் சற்று நேரம் நின்று பார்க்கிறார். பிறகு அடுத்த பக்கத்தை எடுக்கப் போகிறார்.