தக்களியில் பருத்தி நூற்கும் முறை

தக்களி என்பது அடியில் வட்ட வில்லை கோத்த, கையால் சுழற்றி நூற்கும் சின்னக் கம்பி. தக்களி நூற்றலில் முக்கால்வாசித் தோல்வி பஞ்சிலேயே தொடங்கிவிடுகிறது. மருந்துக் கடைப் பஞ்சு வேண்டாம். மெழுகு போக வேகவைத்து வெளுத்த பஞ்சு அது, இழுத்தால் கட்டிகட்டியாக வரும். மெத்தைக் கடைப் பஞ்சில் ஆலைக் கழிவின் குட்டை இழைகள் கலந்திருக்கும். இலவம்பஞ்சு நூற்பதற்கே ஆகாது. பருத்தி இழை உலரும்போது தானே முறுக்கிக்கொண்ட நாடா போல ஆகிவிடும். அந்த நெளிவால்தான் ஓர் இழை இன்னொன்றைப் பற்றுகிறது. இலவ இழை வழவழப்பான குழல், ஒன்றை ஒன்று பிடிக்காது.

முதலில் பழகுபவர் எம்.சி.யூ. 5 போன்ற நீள இழைப் பருத்தியை எடுப்பது நல்லது. கருங்கண்ணி அருமையான பருத்திதான், ஆனால் இழை குட்டை. முறுக்கு கூடுதலாக வேண்டும், பிழை பொறுக்காது. கொட்டையோடு வாங்கினால் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு என்பதைக் கணக்கில் வையுங்கள். வழவழப்பான பலகையில் பஞ்சை வைத்து, விரல் தடிமன் இரும்புக் கம்பியை அழுத்தி உருட்டினால் கொட்டை பிதுங்கி முன்னால் விழும். கொட்டையை நசுக்கிவிடக் கூடாது. எண்ணெய் ஒட்டினால் பஞ்சு பிசுபிசுக்கும்.

அடுத்தது பஞ்சைப் பிரிப்பது. வில் இருந்தால் வில்லால் அடிக்கலாம். இல்லாவிட்டால் நாய்க்கு முடி சீவும் கம்பி பிரஷ் இரண்டு போதும். பிரித்த பஞ்சைப் பலகையில் மெல்லிய படுக்கையாகப் பரப்பி, நடுவில் ஒரு பென்சிலை வைத்து, உள்ளங்கையால் உருட்டிப் பென்சிலை உருவிவிடுங்கள். சுண்டுவிரல் பருமனில் 15 செ.மீ. நீளத் திரி கிடைக்கும். எடை 2 கிராமுக்குள் இருக்கட்டும். இறுக்கி உருட்டிய திரி இழுபடாது. ஊதினால் நுனி அசைய வேண்டும், அதுதான் பதம்.

தக்களியை வாங்கவும் செய்யலாம், வீட்டிலேயே செய்துகொள்ளவும் செய்யலாம். சைக்கிள் ஸ்போக் கம்பியில் 18 செ.மீ. வெட்டி, ஒரு நுனியைக் குறடால் சின்னக் கொக்கியாக வளையுங்கள். மறுநுனியை அரத்தால் மழுங்கிய கூராகத் தேயுங்கள். கூர் நுனியிலிருந்து 2 செ.மீ. மேலே 2.5 செ.மீ. விட்டமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள பித்தளை வில்லையைச் செருகி எம்சீல் வைத்து ஒட்டுங்கள். மொத்தம் 17 கிராம் அளவில் வரும். கீழடியில் கிடைத்த சுடுமண் தக்களிகளும் இந்த வில்லைதான். அதில் செருகிய மரக்குச்சி மண்ணில் மக்கிப்போகும், வில்லை மிஞ்சும்.

செய்து முடித்ததும் வெறும் தக்களியை ஒரு சிரட்டைக்குள் நிறுத்திச் சுழற்றிப் பாருங்கள். பம்பரம் விட்டுப் பழகிய கண்ணுக்கு உடனே தெரியும்: தலை தள்ளாடினால் கம்பி வளைந்திருக்கிறது, அல்லது வில்லையின் துளை நடுவில் இல்லை. கம்பியைக் கண்ணாடி மேல் உருட்டி வளைவைக் கண்டுபிடித்து நிமிர்த்தலாம். துளை தள்ளியிருந்தால் வில்லையை மாற்றுவதுதான் வழி. தள்ளாட்டத்தோடு நூற்றுப் பழகாதீர்கள். ஒவ்வொரு ஆட்டமும் இழையை வெடுக்கென்று இழுக்கும். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், ஒரு நூல், அதாவது புத்தகம், உருவாவதை இந்த நூற்பு வேலையோடு பொருத்திக் காட்டுகிறார். சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் வாயைக் கையாகவும் வைத்தவர், கதிருக்கு, அதாவது நூற்கும் கம்பிக்கு, மதியை (அறிவை) வைத்தார். கதிர் ஆடினால் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தும் பயனில்லை என்பது தெரிந்துதான் வைத்திருப்பார் போலும்.

இனி நூற்பு. வில்லைக்கு மேலே கம்பியில் 40 செ.மீ. பழைய நூலை இறுகக் கட்டி, கம்பியைச் சுற்றி மேலே கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டுங்கள். நூலின் முனையைப் பிரித்துவிட்டு, திரியின் நுனிப் பஞ்சை அதன்மேல் 3 செ.மீ. படரவிடுங்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து, சிரட்டையை வலது முழங்காலுக்கு முன்னால் வைத்து, தக்களி நுனியை அதில் ஊன்றுங்கள். பருத்தி நூற்கத் தக்களியைத் தொங்கவிடக் கூடாது. பாதி முறுக்கேறிய இழை 17 கிராமைத் தாங்காது. வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி, நடுவிரல்களாலும் கம்பியின் மேற்பகுதியைச் சொடுக்குங்கள். மேலிருந்து பார்த்தால் கடிகாரமுள் போகும் பக்கமாகத் தக்களி சுற்ற வேண்டும். இடக்கை திரியை மென்மையாகப் பிடித்தபடி மேலே போகும்.

எல்லாச் சூட்சுமமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்தைத் தேடி ஓடும், ஏனென்றால் அங்கே எதிர்ப்புக் குறைவு. மெல்லிய இடம் முறுக்கேறிக் கெட்டியாகிவிடும், தடித்த இடம் முறுக்கில்லாமல் தளர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் மெதுவாக இழுத்தால் கெட்டியானது அசையாது, தளர்ந்த தடிப்பு மட்டும் நீளும். அதாவது இழை தன்னைத்தானே சமன் செய்துகொள்ளும். ஆகவே முதலில் கொஞ்சம் முறுக்கு கொடுத்து இழுங்கள். இழை 60 செ.மீ. ஆனதும் திரியின் வாயை விரலால் இறுகப் பிடித்து, மிச்ச முறுக்கைக் கொடுங்கள். முறுக்கை முழுதும் ஏற்றிவிட்டுப் பிறகு இழுத்தால் அறும். முறுக்கே இல்லாமல் இழுத்தால் நழுவிப் பிரியும்.

எவ்வளவு முறுக்கு? பழகுபவர் கையில் வரும் 10 நம்பர் நூலுக்கு (நம்பர் கூடினால் நூல் மெலியும்) ஒரு செ.மீ.க்கு 5 சுற்று வேண்டும். 60 செ.மீ.க்கு 300. ஒரே சொடுக்கில் 300 வராது, பல முறை சொடுக்க வேண்டும். பெரும்பாலோர் இரண்டு சொடுக்கில் நிறுத்திவிட்டு, நூல் அறுகிறதே என்று அலுத்துக்கொள்கிறார்கள். அறுந்த முனையைப் பாருங்கள். பூனை வால் போல மெலிந்து பஞ்சுபஞ்சாக இருந்தால் முறுக்குப் போதவில்லை. பட்டென்று மொட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் முறுக்கு அதிகம், அல்லது அந்த இடம் மிக மெலிந்திருக்கிறது. திரியின் வாயிலேயே திரும்பத் திரும்ப அறுந்தால் விரல்பிடி தளர்ந்து முறுக்கு திரிக்குள் நுழைந்துவிட்டது. அந்த முறுக்கேறிய நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தொடங்குங்கள்.

முறுக்கு நிறைந்ததும் கொக்கியிலிருந்து கழற்றி, வில்லைக்கு மேலே அதே திசையில் சுற்றுங்கள். அடியில் பருத்து மேலே குறுகும் கூம்பாக இருக்கட்டும். 2 செ.மீ. பருமனைத் தாண்டினால் தக்களியின் வேகம் விழும். அறுந்ததை முடிச்சுப் போடாதீர்கள், தறியில் ஏறினால் அச்சுப் பல்லில் மாட்டும். முனையை 3 செ.மீ. பிரித்துப் புதுப் பஞ்சோடு படரவிட்டு முறுக்கினால் ஒட்டு தெரியாது. வறண்ட காற்று வீசும் நாளில் பஞ்சு பறக்கும், இழை மொடமொடக்கும். காலையில் நூற்பதும் பக்கத்தில் ஈரத்துணி தொங்கவிடுவதும் உதவும். கை வியர்த்தால் கொஞ்சம் திருநீறு தொட்டுக்கொள்ளலாம்.

தையலுக்கோ பின்னலுக்கோ என்றால் இரண்டு இழையைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குங்கள். கயிறு திரிப்பதும் இப்படித்தான். பேச்சில் திரிக்கும் கயிற்றுக்கு நாங்கள் பொறுப்பல்ல.

நூலின் நம்பர் பார்க்க, 50 செ.மீ. பலகையில் நீளவாக்கில் சுற்றினால் ஒரு சுற்று 1 மீட்டர். ஒரு கிராமில் 17 மீட்டர் வந்தால் 10 நம்பர், 34 மீட்டர் வந்தால் 20 நம்பர். 1924 பெல்காம் காங்கிரஸ், உறுப்பினர் சந்தாவாக மாதம் 2000 கெஜம் கைந்நூல் கேட்டது. 20 நம்பரில் அது வெறும் 54 கிராம்தான். நூற்றுப் பார்த்தால்தான் எவ்வளவு பெரிய சந்தா அது என்று புரியும்.

பலகையிலிருந்து கழற்றிய நூல் வளையத்தை, அதாவது சிட்டத்தை, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டித் தண்ணீரில் போடுங்கள். மிதக்கும், இழையில் மெழுகு இருக்கிறது. ஒரு சிட்டிகை சலவைச் சோடா சேர்த்து அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் தண்ணீர் பழுப்பாகும், சிட்டம் மூழ்கும். அலசிப் பிழிந்து, கீழ்முனையில் ஒரு கரண்டியைத் தொங்கவிட்டு நிழலில் காயப்போடுங்கள்.