மாடியில் குடைமிளகாய்: மாதம் பார்த்து விதைத்தால் காய் நிற்கும்

குடைமிளகாய் வைத்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். செடி தளதளவென்று வருகிறது, பூவும் வைக்கிறது, காய் மட்டும் பிடிக்கவில்லை. உரம் போதவில்லையோ என்று இன்னும் இரண்டு கை அள்ளிப் போடுவார்கள், அப்போதும் பூ கொட்டும். பெரும்பாலும் குறை உரத்தில் இல்லை, விதைத்த மாதத்தில்தான். பகல் வெப்பம் 32, 33 டிகிரியைத் தாண்டினாலோ, ராத்திரியில் 24க்குக் கீழே இறங்காவிட்டாலோ இந்தச் செடியில் கரு சரியாகப் பிடிக்காது. பூக்காம்பு மஞ்சளாகும், விரல் பட்டாலே கணுவோடு கழன்று வந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல், ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, ஆனால் சென்னை, திருச்சி, மதுரைக்காரர்கள் மாதம் பார்த்துத்தான் விதைக்க வேண்டும்.

நம் சமவெளியில் ராத்திரி குளிர்வது மார்கழியிலும் தையிலும். பூ அப்போது மலர வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். நாற்று வளர ஐந்தாறு வாரம், நட்டபின் பூக்க ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம். ஆக, ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி பாதிக்குள் விதை போட்டுவிட வேண்டும். சித்திரையில் ஆசைப்பட்டு விதைத்தால் இலைதான் பார்க்கலாம்.

கடையில் வாங்கிய காயிலிருந்து விதை எடுக்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். பச்சைக் காயில் விதை முற்றியிருக்காது. நன்றாகப் பழுத்த சிவப்புக் காயின் விதை முளைக்கும்தான், ஆனால் அது பெரும்பாலும் ஹைபிரிட் என்பதால் தாய்க் காய் மாதிரியே வரும் என்று நம்ப முடியாது. கலிஃபோர்னியா வொண்டர் ரகத்தில் தொடங்குங்கள், அதிலிருந்து அடுத்த வருஷத்துக்கும் விதை எடுத்து வைக்கலாம்.

குழித்தட்டில் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு நாளில் முளைக்கும். ஆறு இலை வந்ததும் செடி வளர்க்கும் பைக்கு மாற்றலாம். ஒரு பைக்கு ஒரு செடி, பை 12 அங்குல அகலத்துக்குக் குறைய வேண்டாம். செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. மண் கலக்கும்போதே டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைச் சேர்த்துவிடுங்கள், ஐப்பசி மழையில் வேர் அழுகாமல் இருக்க அது ரொம்ப உதவும். பையைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், தண்ணீர் தேங்கினால் ஒரே நாளில்கூடச் செடி துவண்டுவிடும்.

தண்டு ஒரு கட்டத்தில் இரண்டாகப் பிரியும். அந்தக் கவட்டையில் வரும் முதல் பூவைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, ஆனாலும் கிள்ளுங்கள், இல்லாவிட்டால் குட்டையான செடி அந்த ஒரு காயைத் தாங்கிக்கொண்டு வளராமல் நின்றுவிடும். குச்சியும் அப்போதே ஊன்றிக் கட்டிவிட வேண்டும், காய் கனத்தபின் கிளை படக்கென்று ஒடியும்.

இலைச்சுருட்டு வந்தால் முதலில் அது எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பாருங்கள். இலை மேல்நோக்கிப் படகு போல மடிந்தால் இலைப்பேன். ஒரு பூவை வெள்ளைத் தாளில் தட்டினால் இளமஞ்சளாக, நூலிழை அளவுக்கு ஏதோ ஓடுவது தெரியும். கீழ்நோக்கி மடிந்து, காம்பு நீண்டு, இலை குறுகிப்போனால் சிலந்திப்பேன், வலை பின்னும் சிலந்தி அல்ல, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுயிர். இலைப்பேனுக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு காதி சோப்புக் கரைசலோடு, சாயங்காலத்தில், முக்கியமாக இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். நீலநிற ஒட்டுப்பொறியும் மாட்டலாம். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், ஆனால் வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் இலை கருகும். எதற்கும் அடங்காமல் குருத்து முழுக்கச் சிறுத்து நெளிந்து மஞ்சளானால் அது வைரஸாக இருக்கலாம். அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள், பக்கத்துச் செடிகளாவது பிழைக்கும்.

காயின் அடிப்பக்கம் கருத்துப் பள்ளம் விழுந்தால் உடனே முட்டை ஓட்டுத் தூளைத் தேட வேண்டாம், அது மட்க மாதக்கணக்காகும். சுண்ணாம்புச் சத்து பெரும்பாலும் மண்ணில் இருக்கும், தண்ணீர் ஒரு நாள் காய்ந்து ஒரு நாள் நிரம்பி என்று போனால் அது காய்க்குப் போய்ச் சேராது. சீராகத் தண்ணீர் விட்டு, மேலே காய்ந்த சருகைப் பரப்புங்கள். அடுத்து வரும் காய் சுத்தமாக இருக்கும்.

நட்டு 70 நாள் வாக்கில் பச்சைக் காய் பறிக்கலாம். சிவப்பு வேண்டுமானால் இன்னும் மூன்று நான்கு வாரம் செடியிலேயே விடுங்கள், ருசி இனிப்பாக மாறும், ஆனால் புதுக் காய் குறையும். பாதியைப் பச்சையாகப் பறித்து மீதியைப் பழுக்க விடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கையால் இழுக்காமல் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள்.

மாசி வெயில் ஏறும்போது காய்த்தோலில் வெளுத்த திட்டு விழும், 35 சதவீத நிழல்வலை கட்டினால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். பங்குனியில் பூ மறுபடி கொட்டத் தொடங்கியதும் இருக்கிற காயைப் பறித்துவிட்டு, அந்தப் பையில் வெண்டையோ கொத்தவரையோ போடுங்கள். தக்காளியும் கத்திரியும் இதே குடும்பம், பழைய மண்ணில் இருக்கும் நோய் அவற்றுக்கும் தொற்றும்.