புதிய ரேஷன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்ப அட்டைக்கு விண்ணப்பிக்க உதவி கேட்டு வருகிறவர்களில் பலர் முதலில் நீட்டுவது தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய வருமானச் சான்றிதழைத்தான். அதற்காகக் கூலி வேலையை விட்டுவிட்டு அலைந்திருப்பார்கள். தமிழ்நாட்டில் புதிய அட்டைக்கான இணைய விண்ணப்பத்துக்கு அந்தச் சான்று கட்டாயமே இல்லை. கட்டாயமாகத் தேவைப்படுகிற வேறொன்றை, பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்கிய சான்றை, பற்றி அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மற்ற பல மாநிலங்களில் ரேஷன் அரிசி வாங்க, ஏழை என்று அரசு ஒப்புக்கொண்டாக வேண்டும். இங்கே பொது விநியோகத் திட்டம் எல்லோருக்குமானது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது. தமிழ்நாடு அதை 2016 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைப்படுத்தியது. அப்போதும், அந்தச் சட்டத்தின் முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெறாத குடும்பங்களுக்கும் அரிசி தொடரும் என்று மாநில அரசு முடிவெடுத்தது. 2011 ஜூன் முதல் அந்த அரிசிக்கு விலையும் கிடையாது. ஆகவே விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி உங்கள் வறுமையை அளக்கப் போவதில்லை. அவர் பார்ப்பது இரண்டே விஷயங்கள்: உங்கள் வீட்டில் யாருடைய பெயராவது வேறோர் அட்டையில் இருக்கிறதா? சொன்ன முகவரியில் தனியாகச் சமைத்து வாழும் குடும்பம்தானா நீங்கள்? நிராகரிக்கப்பட்ட மனுக்களைப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் சிக்கியிருக்கும்.

பெயரை நீக்காமல் விண்ணப்பிப்பது

திருமணம் முடிந்து தனிக்குடித்தனம் போன தம்பதியை எடுத்துக்கொள்வோம். கணவன் பெயர் அவருடைய அப்பாவின் அட்டையில் இருக்கும். மனைவி பெயர் வேறு மாவட்டத்தில் அவருடைய பெற்றோரின் அட்டையில் இருக்கும். கணவன் பெயரை மட்டும் நீக்கிவிட்டு விண்ணப்பிக்கிறார்கள். ஆதார் எண்ணை உள்ளிட்டதும் மனைவியின் பெயர் ஏற்கெனவே பதிவில் இருப்பதைக் கணினி காட்டிக்கொடுத்துவிடும். 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்ததிலிருந்து எல்லா அட்டைகளும் ஆதாரோடு இணைந்திருக்கின்றன. ஒருவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்க வழியில்லை.

எனவே முதல் வேலை பெயர் நீக்கம். தமிழ்நாடு பொது விநியோகத் திட்டத்தின் இணையதளமான டிஎன்பிடிஎஸ்ஸில் பெற்றோரின் அட்டைக்குப் பதிவு செய்த கைப்பேசி எண்ணைக் கொடுத்து உள்ளே போய், 'உறுப்பினர் நீக்கம்' என்பதில் விண்ணப்பிக்க வேண்டும். திருமணம் காரணம் என்றால் திருமணச் சான்று, மரணம் என்றால் இறப்புச் சான்று. நீக்கம் அங்கீகரிக்கப்பட்ட பிறகு அதற்கான சான்றைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, அதன் பின்பே புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு இரண்டாவது மனு திரும்பி வருவதுதான் வழக்கம்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பெயரை நீக்கினால் தங்கள் பங்கு குறைந்துவிடுமே என்று பெற்றோர் தயங்குவார்கள். வீட்டில் இதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுவது நல்லது. உண்மையில் முன்னுரிமையற்ற அட்டைக்கு (முன்னுரிமைப் பட்டியலில் வராத குடும்பங்களின் அட்டை) எத்தனை பேர் இருந்தாலும் அதிகபட்சம் 20 கிலோ அரிசிதான். பெரியவர்கள் மூன்று பேருக்கு மேல் மிஞ்சியிருக்கிற வீட்டில் ஒரு பெயர் போனாலும் அரிசி குறையாது. இந்தக் கணக்கைச் சொன்னவுடனே சம்மதித்த பெற்றோர் உண்டு.

கணினி மையத்துக்காரரின் கைப்பேசி எண்

சிறியதாகத் தெரியும், ஆனால் ஆண்டுக்கணக்கில் துன்பம் தரும் தவறு இது. தெருமுனைக் கணினி மையத்தில் விண்ணப்பிக்கும்போது, 'ஓடிபி வரும், என் நம்பரையே போட்டுக்கொள்கிறேன்' என்று கடைக்காரர் தன் எண்ணைப் பதிந்துவிடுவார். வேலை சீக்கிரம் முடிகிறதே என்று நாமும் தலையாட்டிவிடுவோம். அதற்குப் பிறகு மனுவின் நிலை, நிராகரிப்புக் குறுஞ்செய்தி, அட்டை வந்த பின் பொருள் வாங்கிய விவரம் எல்லாம் அவருடைய கைப்பேசிக்கே போகும். குழந்தை பெயரைச் சேர்க்க, முகவரி மாற்ற என்று எதற்கும் அந்தக் கடையைத் தேடித்தான் போக வேண்டும். கடை மூடிவிட்டால் எண்ணை மாற்ற, தாலுகாவில் குடும்ப அட்டைகளைக் கவனிக்கும் வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும்.

வீட்டில் நிலையாக இருக்கும் ஒரு எண்ணைக் கொடுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் நின்றுபோகும் எண் வேண்டாம். விண்ணப்பம் முடிந்ததும் திரையில் வரும் குறிப்பு எண்ணை அங்கேயே அச்செடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இ-சேவை மையமானாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே சரிபார்க்க வேண்டியது இன்னொன்று: அட்டை வகை. அரிசி அட்டை, சர்க்கரை அட்டை, பண்டமில்லா அட்டை என்று விண்ணப்பத்தில் தேர்வு வரும். சர்க்கரை அட்டைக்கு அரிசி கிடையாது. பண்டமில்லா அட்டை பெயருக்கேற்ப எந்தப் பொருளும் தராது. அவசரத்தில் தவறாக ஒன்றை அழுத்திவிட்டு, அட்டை கைக்கு வந்த பிறகு கடையில் நின்று திகைக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. தட்டச்சு செய்கிறவருக்கு அது ஒரு சொடுக்கு. அந்த வீட்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி.

பெயர்களையும் ஆதாரில் இருக்கிறபடியே எழுதச் சொல்லுங்கள். முன்னெழுத்து முன்னாலா பின்னாலா என்பதுகூட மாறக் கூடாது. ஆதாரிலேயே பிழை இருந்தால் அதை முதலில் திருத்துங்கள்.

வீட்டுக்கு வரும் ஆய்வு

காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தும் மனுக்கள் தோற்பது இங்கேதான். விண்ணப்பித்த பிறகு வட்ட வழங்கல் அலுவலகத்திலிருந்து கள விசாரணைக்கு ஆள் வருவார். அவர் தேடுவது தனிச் சமையல். தனி அடுப்பு, சிலிண்டர், அரிசிப் பானை, பாத்திரம் பண்டங்கள். பக்கத்து வீட்டிலும் வீட்டு உரிமையாளரிடமும் விசாரிப்பார்.

ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்த தையல் தொழிலாளி ஒருவரின் மனு அப்படித்தான் போனது. கணவனும் மனைவியும் பகலில் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆய்வுக்கு வந்தவர் முன்வாசலில் உரிமையாளரைக் கேட்டார். 'இவர்கள் எல்லோரும் நம்ம வீடுதான்' என்று அந்த அம்மாள் அன்பாகவே சொன்னார். தனிக் குடும்பம் இல்லை என்று குறிப்பு எழுதப்பட்டுவிட்டது. பின்கட்டில் தனி வாசலும், ஒற்றை பர்னர் அடுப்பும், ஐந்து கிலோ சிலிண்டரும் இருந்ததை யாரும் போய்ப் பார்க்கவில்லை. பிறகு வாடகை ஒப்பந்தத்தையும் சிலிண்டர் ரசீதையும் சேர்த்து மறுபடி விண்ணப்பித்தார்கள். உரிமையாளரிடமும் விவரத்தைச் சொல்லி வைத்தார்கள். அட்டை வந்தது.

ஆகவே விண்ணப்பித்த கையோடு வீட்டு உரிமையாளரிடம் பேசிவிடுங்கள். வாடகைதாரருக்கு ரேஷன் கார்டு கிடைத்தால் வீட்டுக்கு உரிமை கொண்டாடுவார்களோ என்ற பயம் பல உரிமையாளர்களுக்கு இருக்கிறது. குடும்ப அட்டை சொத்துரிமை எதையும் தராது என்று எடுத்துச் சொன்னால் இறங்கி வருவார்கள். முகவரிச் சான்றாக மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், எரிவாயு ரசீது, புகைப்படத்தோடு கூடிய வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், வாக்காளர் அட்டை போன்றவற்றில் ஒன்றைக் கொடுக்கலாம். எதைக் கொடுத்தாலும் அதில் இருக்கும் கதவு எண்ணும் நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய கதவு எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். பழைய எண், புதிய எண் இரண்டும் உள்ள தெருக்களில் இரண்டையும் எழுதுங்கள். பகலில் வீட்டில் ஆள் இருக்க முடியாது என்றால், விவரம் தெரிந்த பக்கத்து வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.

ஒரே சமையல் நடக்கிற வீட்டில், இன்னோர் அட்டைக்காக மாடியில் ஓர் அடுப்பை வைத்துக் காட்டுவது வேண்டாம். அது பிடிபட்டால் உண்மையான தேவை வரும்போதும் உங்கள் பேச்சு எடுபடாது. கூட்டுக் குடும்பம் என்றால் மருமகளையும் பேரக்குழந்தையையும் இருக்கிற அட்டையிலேயே சேர்த்துவிடலாம்.

கணவனின் அட்டையில் சிக்கிக்கொண்ட பெண்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கணவன் விட்டுவிட்டுப் போன பெண்கள், அடி தாங்காமல் குழந்தைகளோடு வெளியேறிய பெண்கள் பலர், 'அவர் கையெழுத்துப் போட்டால்தான் பெயர் நீங்கும்' என்று யாரோ சொன்னதை நம்பி, ஆண்டுக்கணக்கில் அட்டையே இல்லாமல் வெளிக்கடையில் விலை கொடுத்து அரிசி வாங்கிச் சாப்பிடுகிறார்கள். விவாகரத்து ஆணை இருந்தால்தான் முடியும் என்றும் சொல்லிவிடுவார்கள். இதை நம்பி ஒதுங்கிவிட வேண்டாம். நடந்ததை எழுதி, இப்போது வசிக்கும் முகவரிக்கான சான்றோடு வட்ட வழங்கல் அலுவலரிடம் நேரில் மனு கொடுங்கள். கள விசாரணையில் தனியாக வாழ்வது உறுதியானால், கணவனின் அட்டையிலிருந்து பெயரை நீக்கித் தனி அட்டை வழங்க அலுவலருக்கு அதிகாரம் உண்டு. காவல் நிலையத்திலோ மகளிர் உதவி மையத்திலோ கொடுத்த புகாரின் நகல் இருந்தால் இணையுங்கள். கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அட்டையில் உள்ள எழுத்துகளைக் கவனிக்காமல் விடுவது

அட்டை கிடைத்ததும் கவலை தீர்ந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அதில் பி.எச்.எச். என்று இருக்கிறதா, என்.பி.எச்.எச். என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது முன்னுரிமைக் குடும்பம், இரண்டாவது முன்னுரிமையற்றது. ஏ.ஏ.ஒய். என்று இருந்தால் அந்தியோதயா, அதாவது பரம ஏழைகளுக்கானது. அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி. முன்னுரிமை அட்டைக்கு ஆளுக்கு 5 கிலோ என்பதால், ஆறு பேர் உள்ள வீட்டுக்கு 30 கிலோ. முன்னுரிமையற்ற அட்டையில் அதே ஆறு பேருக்கு 20 கிலோதான். மாதம் பத்து கிலோ வித்தியாசம் ஏழை வீட்டில் சாதாரண விஷயம் அல்ல.

அரிசி அட்டையா, சர்க்கரை அட்டையா என்பதைப் போல இந்த முன்னுரிமை வகைப்பாட்டை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, அலுவலர்தான் முடிவு செய்கிறார். ஆனால் கேட்கலாம். ஆதரவற்ற விதவைகள், மாற்றுத்திறனாளிகள், முதியோர் ஓய்வூதியம் பெறுவோர், நிலமற்ற விவசாயக் கூலிகள் ஆகியோர் முன்னுரிமைக்கு உரியவர்கள். வருமான வரி கட்டுவோர், அரசு ஊழியர், சொந்த உபயோகத்துக்கு நான்கு சக்கர வாகனம் வைத்திருப்போர், வீட்டில் ஏ.சி. வைத்திருப்போர் போன்றவர்கள் அந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். தகுதி இருந்தும் முன்னுரிமையற்ற அட்டை வந்திருந்தால், ஓய்வூதிய ஆணை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, விதவைச் சான்று ஆகியவற்றில் இருப்பதை இணைத்து வகை மாற்றம் கேட்டு மனு கொடுங்கள். அலைந்து வாங்கிய வருமானச் சான்றிதழ் பயன்படுகிற இடம் இதுதான்.

வேலைக்காக ஊர் மாறியவர்கள்

திருப்பூருக்கோ சென்னைக்கோ பிழைக்க வந்துவிட்டு, ஊர் அட்டை ஊரிலேயே இருக்கட்டும் என்று இங்கே இன்னொன்றுக்கு விண்ணப்பிப்பது வீண் வேலை. குடும்பமே வந்துவிட்டால் முகவரி மாற்றம் போதும். பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு, சொந்த மாநிலத்தில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அட்டை இருந்தால், புதிதாக எதற்கும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' திட்டம் 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் இருப்பதால், இங்குள்ள ரேஷன் கடையிலேயே கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். உங்கள் பட்டறையிலோ கட்டுமான இடத்திலோ அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள். அவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

நிராகரிக்கப்பட்டால்

உடனே அதே காகிதங்களோடு மறுபடி விண்ணப்பிக்காதீர்கள். குறிப்பு எண்ணைப் போட்டு மனு எந்தப் படியில் நின்றது என்று பாருங்கள். காரணம் புரியவில்லை என்றால் வட்ட வழங்கல் அலுவலகத்தில், சென்னையில் மண்டல உதவி ஆணையர் அலுவலகத்தில், நேரில் கேளுங்கள். புதிய அட்டைக்கு 60 நாள் கெடு இருக்கிறது. அதைத் தாண்டியும் பதில் இல்லை என்றால் 1967 என்ற எண்ணில் புகார் செய்யலாம். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமுக்கும், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கும் போகலாம். 'நான் முடித்துத் தருகிறேன்' என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அவரும் இதே இணையதளத்தில்தான் விண்ணப்பிக்கிறார்.

அட்டை அங்கீகரிக்கப்பட்ட பிறகு, அச்சிட்ட அட்டை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மின்னணு அட்டையைப் பதிவிறக்கிக்கொண்டு கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். சித்தாள் வேலை, சலவை வேலை செய்து ரேகை தேய்ந்தவர்களுக்குக் கருவி ஏற்காமல் போவது அடிக்கடி நடக்கிறது. அதற்காக அவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. கருவிழிப் பதிவுக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள், ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பியுங்கள். நடக்க முடியாத முதியவர் என்றால், அவருக்குப் பதிலாக வாங்க ஒருவரை நியமிக்கும் படிவம் ரேஷன் கடையிலேயே கிடைக்கும். ஒவ்வொரு முறை பொருள் வாங்கும்போதும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும். கடைக்கே போகாத நாளில் அரிசி வாங்கியதாக ஒரு செய்தி வந்தால் அதை அழித்துவிடாமல் வைத்துக்கொண்டு, அன்றைக்கே 1967க்குப் பேசுங்கள்.