பாட்டி வடை கதையைப் புது இடத்தில் வைத்து எழுதுவது எப்படி?

கதை எழுதிப் பழகுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையை வேறு இடத்தில் வைத்து எழுதிப் பாருங்கள். இன்றைக்குப் பாட்டி வடை சுட்ட கதை.

படி 1: பெயர்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாக எழுதுங்கள். ஒருவன் அடுத்தவர் பொருளைத் திருடி வைத்திருக்கிறான். இன்னொருவன் அவனைப் புகழ்கிறான். இவன் வாயைத் திறக்கிறான், பொருள் போய்விடுகிறது. ஆமாம், காக்காவும் திருடன்தான். அதை மறந்து ‘பாவம் காக்கா’ என்று எழுதினால் கதை சப்பென்று போய்விடும்.

படி 2: இடம். நான் முதல் தடவை காக்காவுக்கு ஜீன்ஸ் மாட்டி, நரிக்கு ஐடி வேலை வாங்கிக் கொடுத்தேன். மாறியது உடை மட்டும்தான். புது இடம் பாத்திரத்தைக் கொஞ்சமாவது படுத்த வேண்டும். புதுமைப்பித்தன் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுளைச் சென்னைக்குக் கூட்டிவந்தார். வந்தவர் சிக்கரி கலந்த காப்பி குடிக்கிறார், பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டுகிறார். யாருடைய ஆயுள் என்ற பேச்சு அங்கே எழுகிறது. சாதாரண சந்தாதாரரிடம் அந்தப் பேச்சில் என்ன வேடிக்கை இருக்கிறது?

படி 3: பழைய கதையில் ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1957-இல் ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தைப் படமாக்கி ஜப்பானுக்குக் கொண்டுபோனபோது, மூன்று சூனியக்காரிகளுக்குப் பதில் ராட்டை சுற்றும் ஓர் ஆவியை வைத்தார். குறி சொல்லும் வேலை அப்படியே இருந்தது.

சரி, வடையின் வேலை என்ன? வாயைத் திறந்தால் போய்விடுவது. இன்றைக்கு அப்படி என்ன இருக்கிறது? ஓடிபி!

பாட்டி வடை விற்றுக் கட்டிய சீட்டுப் பணம் 40,000 ரூபாய். பேரன் அதைத் தன் கணக்கில் அமுக்கி வைத்திருந்தான். போன் அடித்தது.

“சார், உங்க குரலே தனி சார். ரேடியோல பேசுறீங்களா?”

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“இப்ப ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும். அதை அப்படியே உங்க குரல்ல சொல்லுங்க சார்.”

படி 4: வேலையில்லாததை வெட்டுங்கள். மரம் எனக்குத் தேவைப்படவில்லை.

அப்புறம், எந்தக் கதை என்று சொல்லாமல் யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள். என் அக்கா மகள் ஆறு நம்பர் வந்ததுமே கத்தினாள்: “ஐயோ, வடை!”